ஆறாம் வகுப்பு, முதல் பருவம்: திருநெல்வேலிக்குப் பிள்ளையோடு வந்து சேர்கிறவர்களுக்கு

மும்பை, பெங்களூரு, திருப்பூர் என்று வெளியூரில் பிழைத்துவிட்டு, 'போதும், ஊரோடு போய்விடலாம்' என்று திருநெல்வேலிப் பக்கம் திரும்புகிற குடும்பங்கள் ஒவ்வொரு மே மாதமும் இருக்கின்றன. நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். மகள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். பள்ளிக்கூடம், இ-சேவை மையம், வங்கி என்று அலைந்ததில் ஜூன் மாதம் போன இடம் தெரியவில்லை. சான்றிதழைப் பற்றிச் சொல்ல ஊரில் நூறு பேர் இருந்தார்கள். இந்தப் பருவத்தில் பிள்ளை என்ன படிக்கப் போகிறாள், அதில் எது கடிக்கும், எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

மாநிலப் பாடத்திட்டத்தில், அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ ஆறாம் வகுப்பு சேரும் பிள்ளைகளுக்கானது இது. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் உங்களுக்கு இதில் வேலை இல்லை.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், டிசம்பர் வரை இரண்டாவது, ஏப்ரல் வரை மூன்றாவது. ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம். அந்தப் பருவத் தேர்வோடு அந்தப் புத்தகம் முடிந்தது, அடுத்த தேர்வில் அதிலிருந்து கேட்க மாட்டார்கள். எட்டாம் வகுப்பு வேறு மாதிரி, ஆண்டு முழுமைக்கும் ஒரே புத்தகம். பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையனிடம் கேட்டு அதன்படி திட்டம் போட்டுவிடாதீர்கள்.

நான்கு மாதம் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் அவ்வளவு கிடைக்காது. பள்ளி திறக்கும் நாள் வெயிலைப் பொறுத்துத் தள்ளிப்போகும். 2024-இல் ஜூன் 10, 2025-இல் ஜூன் 2. திறந்த பிறகும் முதல் பத்துப் பதினைந்து நாள் சேர்க்கை, புத்தகம், சீருடை என்றே ஓடும். ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிற குடும்பம் என்றால் அதற்கு இரண்டு மூன்று நாள். செப்டம்பர் பாதிக்கு மேல் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். நிம்மதியாகப் பாடம் நடக்கிற காலம் ஜூலையும் ஆகஸ்டும்தான். சான்றிதழுக்காக ஜூலையில் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்தால் பருவத்தில் பாதி போய்விடும்.

2. எந்தப் பள்ளி, எந்த வழி

வேறு எந்த வகுப்பையும்விட ஆறாம் வகுப்பில் இந்த முடிவு முக்கியம். அரசின் பல சலுகைகளுக்குக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி இதில் சேராது. கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு, ஆங்கில வழிக்கு இல்லை. பாளையங்கோட்டையில் பேர்பெற்ற உதவிபெறும் பள்ளிகள் நிறைய இருப்பதால், 'அதுவும் கவர்ன்மென்ட் மாதிரிதானே' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல.

அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டும். இங்கேயே தமிழ் வழியில் ஐந்து வரை படித்த பிள்ளையை ஆறில் ஆங்கில வழிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். வெளிமாநிலத்தில் ஆங்கில வழியில் படித்து வந்த பிள்ளைக்கு அது ஏற்கனவே இல்லை என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

இன்னொன்று. நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு நின்றுவிடும், ஒன்பதில் மறுபடி டி.சி. வாங்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி இருந்தால் அங்கேயே சேர்ப்பது மேல். ஆனால் பத்து கிலோமீட்டர் தள்ளி என்றால் நடுநிலைப் பள்ளியே போதும் என்பேன். பதினொரு வயதுப் பிள்ளை காலை ஏழு மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படிக்கிற அளவுக்கு அங்கே ஒன்றும் கூடுதலாகக் கிடைத்துவிடாது.

காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு மதியச் சத்துணவு மட்டும்தான். இங்கே தொடக்கப் பள்ளியில் காலையில் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முதல் வாரம் வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழுவது நடக்கிற காரியம். வீட்டில் சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

3. காகிதங்கள்

கொண்டுபோக வேண்டியவை இவ்வளவுதான்: மாற்றுச் சான்றிதழ் (டி.சி.), பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பெற்றோர் ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று நகல்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுகிறீர்கள் என்றால் எளிது. எமிஸ் என்ற கல்வித் துறைத் தளத்தில் பிள்ளைக்கு ஓர் எண் இருக்கும். பழைய பள்ளி அந்தத் தளத்தில் பிள்ளையை விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். டி.சி. கையில் வந்துவிட்டது, ஆனால் எமிஸில் விடுவிக்கவில்லை என்பது அடிக்கடி நடக்கும். டி.சி. வாங்கும்போதே, 'எமிஸ்ல ரிலீஸ் பண்ணியாச்சா சார்?' என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

வெளிமாநில டி.சி. என்றால் அந்தப் பகுதிக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டும். எங்களை அலைய வைத்தது இதுதான். பழைய பள்ளியில் அப்படி ஒன்று வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே அலுவலக உதவியாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'அண்ணாச்சி, மேலொப்பம் இல்லையே, இத வச்சு நான் என்ன செய்ய?' என்றார். ஊரைக் காலி செய்வதற்கு முன்பே அங்கே அதை வாங்கிவிடுங்கள். திரும்பிப் போவது ரயில் செலவு, லீவு என்று பெரிய தண்டம். கூடவே, பிள்ளையின் நிரந்தரக் கல்வி எண் என்ன என்று பழைய பள்ளியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலம் மாறும்போது பிள்ளையின் பதிவை இழுத்துக்கொள்ள அது உதவும்.

ஏதாவது ஒரு காகிதம் குறைந்தால் என்ன செய்வது? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி. வரத் தாமதம் என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைச் சேர்க்க மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். தலைமையாசிரியரிடம், 'காகிதம் வந்துகொண்டிருக்கிறது, பிள்ளை வகுப்பில் உட்காரட்டும்' என்று எழுதிக் கொடுங்கள். எழுத்தில் கொடுத்தால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றும் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., வட்டாட்சியர் அலுவலகம் என்று நகர்கிற விண்ணப்பம் அது. ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவார்கள் என்பதால், முடிந்தால் மே மாதமே போட்டுவிடுங்கள். உதவித்தொகைகளுக்காகப் பிள்ளை பெயரில் வங்கியிலோ அஞ்சலகத்திலோ ஆதார் இணைத்த ஒரு கணக்கும் வேண்டும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி ஊருக்குள் வந்தபோது எத்தனையோ வீடுகளில் சான்றிதழும் புத்தகமும் சேர்ந்தே போயின. ஆற்றோரம் வீடு எடுத்தவர்களுக்கு இது கூடுதல் கவனத்துக்கு.

4. புத்தகம் வந்த அன்றே பொருளடக்கத்தைப் பாருங்கள்

பாடநூல் இலவசம். பள்ளியில் வந்து சேரத் தாமதமானால் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் இலவசமாகத் தரவிறக்கம் செய்யக் கிடைக்கிறது. உங்களுக்கு வேண்டியது 'ஆறாம் வகுப்பு, முதல் பருவம்', அதிலும் தமிழ் வழியா ஆங்கில வழியா என்று பார்த்து எடுங்கள்.

கீழே நான் சொல்வது 2018-இல் வந்த பாடத்திட்டப் புத்தகங்களை வைத்து. மறுபதிப்பில் ஒன்றிரண்டு பாடங்கள் கூடிக் குறையும். உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தின் பொருளடக்கம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. போன வருடத்துப் பழைய புத்தகத்தை யாரிடமாவது வாங்கினால் இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். கடையில் கைடு வாங்கும்போதும் அப்படித்தான். ஜூன் முதல் வாரத்தில் கடையில் தொங்குவது சில நேரம் போன வருடச் சரக்கு.

5. தமிழ்: இங்கேதான் நேரம் போகும்

வெளிமாநிலத்திலிருந்து வந்த பிள்ளைக்கு இந்தப் பருவத்தின் பெரிய மலை தமிழ்தான். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மாநிலத்தில் எந்த வழியில் படித்தாலும் தமிழ் கட்டாயம். வீட்டில் சரளமாகப் பேசும், வாட்ஸாப்பில் தங்கிலீஷில் அடிக்கும், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எங்கள் வீட்டிலும் அதே நிலைதான். ஆறாம் வகுப்புத் தமிழாசிரியர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க மாட்டார். அதற்கு அவருக்கு நேரமும் இல்லை.

முதல் பருவத்தில் மூன்று இயல்கள். முதல் இயல் மொழியைப் பற்றியது: பாரதிதாசனின் இன்பத்தமிழ், பெருஞ்சித்திரனாரின் தமிழ்க்கும்மி, வளர்தமிழ் என்ற உரைநடை. இரண்டாவது இயற்கை: சிலப்பதிகார வாழ்த்து, பாரதியின் காணி நிலம், பறவைகள் வலசை போவதைச் சொல்லும் சிறகின் ஓசை, அப்புறம் திருக்குறள். மூன்றாவது அறிவியல்: அறிவியல் ஆத்திசூடி, ரோபோ பற்றிய கணியனின் நண்பன், அப்துல் கலாமுடன் நேர்காணலாக வரும் ஒளி பிறந்தது. பாடங்கள் சுவையானவைதான். மனப்பாடப் பகுதி எது என்று புத்தகத்திலேயே குறித்திருக்கும். அதை ஜூன் மாதமே காதில் விழ வையுங்கள். படிக்க வராத பிள்ளைக்குக் கேட்டு மனப்பாடம் செய்ய வரும். எங்கள் வீட்டில் ஆச்சி இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் சொல்லிக்கொடுத்தது, நான் நோட்டைத் திறந்து வைத்துக் கத்தியதைவிட வேகமாக ஏறியது.

இலக்கணம்தான் இந்தப் பருவத்தின் எலும்பு. எழுத்துகளின் வகை தொகை, முதலெழுத்தும் சார்பெழுத்தும், மொழி முதல் இறுதி எழுத்துகள் என்று மூன்று பாடம். மனதில் ஏற வேண்டியவை: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் ஆய்தத்துக்கும் அரை. முதலெழுத்து 30, சார்பெழுத்து 10. வல்லினம், மெல்லினம், இடையினம் மூன்றிலும் ஆறு ஆறு. சொல்லின் முதலில் வராத எழுத்து எது, கடைசியில் வராத எழுத்து எது. ஏழாம் வகுப்பில் குற்றியலுகரம் வரும்போது இந்த அடித்தளம் இல்லையென்றால் தலைகீழாக நிற்க வேண்டும்.

எழுத்துப் பழக நான் கண்ட நல்ல வழி பஸ் போர்டு. புதிய பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும்: சேரன்மகாதேவி, களக்காடு, திருக்குறுங்குடி, ஆழ்வார்குறிச்சி, வள்ளியூர், பாபநாசம். ள, ழ இரண்டும், ர, ற இரண்டும், குறில் நெடில் எல்லாமும் கண்முன் ஓடும். மகள் ஒருநாள் பிடித்துக்கொண்டாள்: 'ட சொல்லுக்கு முதல்ல வராதுன்னா டவுன், டோனாவூர் எல்லாம் எப்படிப்பா?' இரண்டுமே வெளியிலிருந்து வந்த பெயர்கள். புத்தகமும் பிறமொழிச் சொற்களை இப்படித்தான் விளக்குகிறது. இராதாபுரத்துக்கு முன்னால் ஏன் ஒரு இ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கும் அந்தப் பாடத்திலேயே விடை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 'தமிழ்தானே, பார்த்துக்கலாம்' என்று கணக்கு, ஆங்கிலத்துக்கு மட்டும் டியூஷன் வைப்பது இங்கே வழக்கம். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைக்கு வரிசையைத் திருப்பிப் போடுங்கள். தமிழ் வழியில் சேர்த்திருந்தால் அறிவியலும் சமூக அறிவியலும் தமிழில்தான், வாசிப்பு வராவிட்டால் மூன்று பாடத்தில் அடி விழும். பள்ளியிலேயே உதவி கேட்கலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக அரசு திறன் என்ற பெயரில் அடிப்படைப் பயிற்சி நடத்துகிறது. முதலில் ஒரு சோதனை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். அதில் உங்கள் பிள்ளை பெயர் வந்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து எடுக்கச் சொல்லாதீர்கள். டியூஷன் காசு மிச்சம்.

6. கணக்கு

ஆறு பாடங்கள்: எண்கள், இயற்கணிதம் ஓர் அறிமுகம், விகிதம் மற்றும் விகிதசமம், வடிவியல், புள்ளியியல், தகவல் செயலாக்கம்.

எண்கள் பாடத்தில் இலட்சம், கோடிக் கணக்கும் மில்லியன் கணக்கும் இரண்டும் வரும். காற்புள்ளி எங்கே போடுவது என்பதில்தான் பிள்ளைகள் சறுக்கும்: 5,00,000-மும் 500,000-மும் ஒரே எண்தான் என்பதை நாலு முறை எழுதிக் காட்டுங்கள். இயற்கணிதம் முதல் முறையாக வருகிறது. தீக்குச்சியை அடுக்கி அமைப்பைக் கண்டுபிடிப்பதில் தொடங்கி x-க்கு வரும். குச்சியை அடுக்கிப் பார்க்காமல் நேராக x-க்குத் தாவினால் பிள்ளை மிரளும்.

விகிதத்துக்கு அடுப்படி போதும். இட்லிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து போடுகிற வீட்டில் ஆறு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு உளுந்து? ஒன்றரை. இதைச் சொல்லிவிட்டால் ஓரலகு முறை வந்துவிட்டது.

வடிவியலில் கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். உள்ளே படிப்பதா வெளியே படிப்பதா என்று குழம்பி 60-ஐ 120 என்று எழுதுவது எல்லாப் பிள்ளையும் செய்வது. 90-ஐவிடச் சிறியதா பெரியதா என்று முதலில் கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் அளக்கட்டும். நிரப்புக் கோணங்களின் கூடுதல் 90, மிகை நிரப்புக் கோணங்களுக்கு 180. இந்த இரண்டும் தேர்வில் தவறாமல் தலைகாட்டும்.

புள்ளியியல் எளிது. வண்ணார்பேட்டையில் நின்று அரைமணி நேரம் போகிற வண்டிகளை நேர்க்கோட்டுக் குறியால் எண்ணிப் பட்டை வரைபடம் போட்டால் செயல்பாட்டு மதிப்பெண்ணுக்கும் ஆயிற்று.

7. அறிவியல்

அளவீடுகள், விசையும் இயக்கமும், நம்மைச் சுற்றியுள்ள பருப்பொருள்கள், தாவரங்கள் வாழும் உலகம், விலங்குகள் வாழும் உலகம், உடல் நலமும் சுகாதாரமும், கணினி ஓர் அறிமுகம். ஏழு பாடம் என்று பயப்பட வேண்டாம், பாதி வீட்டில் இருக்கிறது.

பொருள்களைப் பிரிக்கும் முறை படிக்கிற அன்று சுளகை எடுத்துப் புடைக்கச் சொல்லுங்கள். அரிசியில் கல் பொறுக்குவது கையால் தெரிந்தெடுத்தல், சுளகில் உமி பறப்பது தூற்றுதல், மாவு சலிப்பது சலித்தல், பருப்பு கழுவிய நீரைச் சாய்த்துக் கொட்டுவது தெளிய வைத்து இறுத்தல். புத்தகத்தில் இருக்கிற சொல்லை அந்தந்த நேரத்தில் சொல்லிவிட்டால் தேர்வில் மறக்காது. அளவீட்டில், ஒழுங்கற்ற ஒரு கல்லின் பருமனை நீரில் போட்டு, நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்த்துக் கண்டுபிடிப்பது, அளவுகோலை நேராகப் பார்க்காவிட்டால் வரும் இடமாறு தோற்றப் பிழை, இந்த இரண்டும் முக்கியம்.

வேர் பாடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை. வயலில் நெல்லைப் பிடுங்கினால் சல்லிவேர், வரப்பில் உளுந்தைப் பிடுங்கினால் ஆணிவேர். வயல்காரரிடம் கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள்! குளத்துத் தாமரையும் தேரிக்காட்டு உடைமரமும் வாழிடப் பாடத்துக்கு.

விசை, இயக்கத்துக்குக் கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையம் போதும். தொட்டு, இழுத்து, சுற்றிப் பார்க்கிற கருவிகள் அங்கே இருக்கின்றன. பாடம் நடந்த பிறகு போங்கள். முன்னால் போனால் ஊஞ்சலாடிவிட்டு வந்துவிடும்.

8. சமூக அறிவியல்

வரலாற்றில் நான்கு: வரலாறு என்றால் என்ன, மனித பரிணாம வளர்ச்சி, சிந்துவெளி நாகரிகம், தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள். புவியியலில் பேரண்டமும் சூரியக் குடும்பமும், நிலப்பரப்பும் பெருங்கடல்களும். குடிமையியலில் பன்முகத்தன்மை, சமத்துவம்.

பண்டைய நகரங்கள் என்று புத்தகம் எடுத்துக்கொள்வது பூம்புகார், மதுரை, காஞ்சி. நம் பக்கத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால் நல்லது. திருச்செந்தூர் சாலையில், பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876-இல் ஜெர்மானியரான யாகோர், பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ என்று தோண்டிப் பார்த்த பரம்பு மேடு அது. தோண்டிய குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டு, நின்று பார்க்கும்படி தொல்லியல் துறை அமைத்திருக்கிறது. கால்களுக்குக் கீழே தாழியும் எலும்பும் தெரிவதைப் பார்த்த பிள்ளைக்கு 'அகழாய்வு' என்ற சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், பரம்பில் நிழல் கிடையாது.

தமிழில் வரும் சிலப்பதிகார வாழ்த்தும் இங்கே வரும் பூம்புகாரும் ஒரே ஊர்ச் சங்கதி. இரண்டையும் ஒரே வாரத்தில் படிக்க வைத்தால் வேலை மிச்சம்.

சமத்துவப் பாடத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். இது நம் மாவட்டத்துக்குத் தேவையான பாடம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதை அடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இன்ன சாதி என்று காட்டக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கயிற்றின் சேதி தெரியாது. கோயில் கயிறு என்றோ, நண்பன் கட்டிவிட்டான் என்றோ பிள்ளை கட்டிக்கொண்டு வந்தால் அவிழ்த்துவிட்டு, ஏன் என்றும் சொல்லுங்கள்.

9. ஆங்கிலம்

கடலாமைகளைப் பற்றிய பாடத்தோடு தொடங்குகிறது. வெளிமாநிலத்தில் ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இங்கேயே படித்த பிள்ளைக்கு, பாடத்தை வாய்விட்டுப் படிப்பதுதான் மருந்து. புத்தகத்தில் இருக்கும் கியூ.ஆர். குறியீட்டை போனில் ஸ்கேன் செய்தால் காணொளி வரும். பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலும் ஆறாம் வகுப்பிலிருந்து பாடக் காணொளிகள் இருக்கின்றன.

10. மதிப்பெண் எப்படி வருகிறது

நூற்றுக்கு 60 பருவத் தேர்வில், 40 வளரறி மதிப்பீட்டில். அந்த 40-இல் 20 செயல்பாடுகளுக்கு, 20 சிறு தேர்வுகளுக்கு. செயல்பாடோ சிறு தேர்வோ, நடந்தவற்றில் நன்றாகச் செய்த இரண்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றில் சொதப்பினால் அழ வேண்டியதில்லை.

செயல்பாடு என்றதும் பெற்றோர் கடைக்கு ஓடி, தெர்மாகோலில் செய்த சூரியக் குடும்பமும் அச்சடித்த சார்ட்டும் வாங்குகிறார்கள். ஆகஸ்ட் மாதம் கடைக்காரர்களுக்கு இதில் நல்ல வருமானம். மகளின் அறிவியல் டீச்சர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: 'பிள்ளை செஞ்சது கோணலா இருந்தாலும் அதத்தான் கொண்டு வரணும்.' காய்ந்த இலையை ஒட்டிய ஒரு பழைய நோட்டுக்கு முழு மதிப்பெண் போட்டதையும் பார்த்தேன்.

எட்டாம் வகுப்பு வரை மாநிலத்தில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அதை நம்பி விட்டுவிடவும் வேண்டாம், அதற்காகப் பிள்ளையைப் படுத்தவும் வேண்டாம்.

11. செலவு

புத்தகம், நோட்டு, பை, காலணி, நிலவரைபட நூல், கணித உபகரணப் பெட்டி எல்லாம் இலவசம். ஆனால் எல்லாம் ஒரே நாளில் வராது. கோணமானியும் காம்பஸும் மட்டும் ஒரு மலிவுப் பெட்டி வாங்கிவிடுங்கள், வடிவியல் பாடம் உங்களுக்காகக் காத்திருக்காது. எட்டாம் வகுப்பு வரை நான்கு செட் சீருடை சத்துணவில் பெயர் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான். பிள்ளை வீட்டுச் சாப்பாடு கொண்டுபோனாலும் பெயரைச் சேர்க்க முடியுமா என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். தைத்த அளவு பொருந்தாது, பிரித்துத் தைக்கத் தையற்கடைக்கு ஒரு தொகை ஆகும். ஜூனில் தையற்காரர் கையில் கிடைப்பது அரிது, அதனால் பழைய சீருடை ஒன்று கைவசம் இருக்கட்டும்.

பஸ் பாஸ் பள்ளி வழியாக வரும். வரும் வரை சீருடையில் போனால் அரசு பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார்கள், நடத்துநர் கேட்டால் பள்ளி அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். தனியார் பஸ்ஸில் அது செல்லாது. சந்திப்பிலிருந்து பாளைக்கு எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுகிற பிள்ளைகள் தினமும் டிக்கெட் எடுக்க வேண்டி வரும்.

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் பள்ளி திறக்கும் அன்றே இரண்டாம் பருவப் புத்தகம் கொடுத்துவிடுவார்கள். முதல் பருவப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் தமிழ், கணக்கு இரண்டை மட்டும் எடுத்து வையுங்கள். இரண்டாம் பருவத்தில் இனவெழுத்துகள் நடத்தும்போது வல்லினம் மெல்லினம் எங்கே படித்தோம் என்று பிள்ளை தேடும்.